எல் நினோ வந்தால் சென்னைக்கு மழை உண்டா?

2015-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 14 சதவீதம் குறைந்தது. மராட்டியத்தின் உள்மாவட்டங்கள் காய்ந்து கிடந்தன. மறு ஆண்டு ஏப்ரலில் லாத்தூர் நகரத்துக்கு ரயிலில் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் அதே 2015 நவம்பரில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான மழை ஏறத்தாழ 105 செ.மீ. அந்த மாதத்துக்கு இயல்பு 40 செ.மீ. அளவுதான். அப்புறம் டிசம்பர் 1-ஆம் தேதி மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்கு அந்த இரவைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை.

நாட்டின் பாதியைக் காயவிட்டதற்கும் சென்னையை மூழ்கடித்ததற்கும் வானிலையாளர்கள் சுட்டிய பெயர் ஒன்றுதான்: எல் நினோ. இங்கிருந்து ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலின் நடுவில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. அவ்வளவுதான் எல் நினோ. அங்கே கடல் சூடானால் இங்கே ஏன் மழை கூட வேண்டும், ஏன் குறைய வேண்டும்? ஒரே காரணம் எப்படி இரண்டையும் செய்யும்? இதைப் புரிந்துகொள்ளக் கணக்கு எதுவும் வேண்டாம். காற்று எங்கே மேலே ஏறுகிறது, எங்கே கீழே இறங்குகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கடலுக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு

முதலில் ஓர் அடிப்படை விஷயம். கடலின் மேல்மட்டத்தில் வெறும் 3 மீட்டர் ஆழம் வரை உள்ள தண்ணீர், அதற்கு மேலே உள்ள மொத்தக் காற்று மண்டலமும் தேக்கிவைக்கக்கூடிய அளவு வெப்பத்தைத் தேக்கிவைக்கும். காற்று சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். நேற்று இருந்த நிலை நாளை இருக்காது. கடல் அப்படியில்லை. ஒரு முறை சூடேறினால் ஆற மாதக்கணக்காகும். அடுத்த வாரம் மழை பெய்யுமா என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாதபோது, அடுத்த மூன்று மாதங்களின் மழையைப் பற்றி ஓரளவாவது பேச முடிகிறதென்றால் அதற்குக் காரணம் கடலின் இந்த மந்தமான குணம்தான்.

இரண்டாவது, கடல் சூடாக இருக்கும் இடத்தில் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு மேலே ஏறும். குறிப்பாக, நீரின் மேற்பரப்பு 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் மிக உயரமான இடிமேகங்கள் எளிதாக உருவாகின்றன. மேலே போன நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகும்போது, ஆவியாவதற்காக அது வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் திரும்ப விடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். மேலே போன காற்று அங்கேயே தங்க முடியாது. பக்கவாட்டில் பரவி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வேறோர் இடத்தில் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கும் காற்று அழுத்தம் கூடிச் சூடாகும், வறண்டுவிடும், மேகம் திரளவே விடாது.

ஒரு கடலின் சூடு இன்னொரு கண்டத்தின் மழையை மாற்றுவதன் அடிப்படை இதுதான். எங்கோ காற்று ஏறும் இடம் மாறினால், இன்னெங்கோ இறங்கும் இடமும் மாறும். தூரம் ஒரு தடையே இல்லை.

பசிபிக்கில் நடப்பது

சாதாரண ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்று கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையிலிருந்து இந்தோனேசியா வரை வருகிற இந்தக் காற்று, மேற்பரப்பில் உள்ள சூடான நீரைத் தள்ளிக்கொண்டே வந்து இந்தோனேசியப் பக்கம் குவித்துவிடும். அங்கே கடல் மட்டமே பெருவைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயரமாக இருக்கும். சூடான நீர் அகன்றுபோன பெருக் கரையில், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுந்து வரும். அந்த நீரில் சத்து அதிகம். அதனால்தான் அங்கே நெத்திலி வகை மீன் அவ்வளவு மலிந்து கிடக்கிறது.

ஆக, மேற்கே இந்தோனேசியப் பக்கம் சூடான கடல், ஏறும் காற்று, மழை. கிழக்கே பெருவின் பக்கம் குளிர்ந்த கடல், இறங்கும் காற்று, வறட்சி. மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்கே போய்ச் சேரும், கீழே கிழக்கிலிருந்து மேற்கே திரும்பி வரும். இந்த மாபெரும் சுற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர்.

சில ஆண்டுகளில் அந்தக் கிழக்குக் காற்று தளர்ந்துவிடும். பிடித்துவைத்திருந்த கை விட்டதும், குவிந்திருந்த சூடான நீர் கிழக்கு நோக்கிப் பரவும். நடுப் பசிபிக் சூடாகும். சூடானதால் காற்று அங்கே ஏறத் தொடங்கும். காற்று அங்கே ஏறுவதால் மேற்கு நோக்கி வீசும் காற்று இன்னும் தளரும். ஒன்றை ஒன்று வளர்க்கும். இது எல் நினோ. சில ஆண்டுகளில் இதற்கு நேர்மாறாகக் கிழக்குக் காற்று வழக்கத்தைவிட வலுத்து, சூடான நீர் மேற்கில் இன்னும் இறுக்கமாகக் குவியும். நடுப் பசிபிக் வழக்கத்தைவிடக் குளிரும். அது லா நினா. இரண்டுமே பொதுவாக 2 முதல் 7 ஆண்டு இடைவெளியில் வந்து போகும். வழக்கமாக ஆண்டின் நடுவில் உருவாகி, டிசம்பர் வாக்கில் உச்சம் தொட்டு, அடுத்த கோடையில் ஓயும். லா நினா மட்டும் சில நேரம் இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நீடிக்கும். 2020 முதல் 2022 வரை அப்படித்தான் நீடித்தது.

எவ்வளவு சூடானால் எல் நினோ என்பார்கள்? நடுப் பசிபிக்கில் ஒரு குறிப்பிட்ட பட்டையின் வெப்பநிலை, இயல்பைவிட 0.5 டிகிரி கூடுதலாகச் சில மாதங்கள் தொடர வேண்டும். அரை டிகிரிதானா என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பட்டை இந்தியாவைவிடப் பெரியது. அவ்வளவு பெரிய பரப்பில் அரை டிகிரி என்பது மலைக்கவைக்கும் அளவு வெப்பம்.

சென்னையிலிருந்து தொடங்கிய கதை

இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததில் நம் ஊருக்கும் நம் ஊரின் துயரத்துக்கும் பங்கு உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1876-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த 1877-இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்போமே, அதுதான் இது. நாடு முழுவதும் செத்தவர்களின் எண்ணிக்கை பல லட்சங்களைத் தாண்டியது; குறைந்தபட்ச மதிப்பீடே 50 லட்சத்துக்கு மேல். மழை பொய்த்தது இயற்கை. ஆனால் தானியத்தைத் தொடர்ந்து ஏற்றுமதி செய்ததும், நிவாரண வேலைக்கு வந்த எலும்பும் தோலுமான மனிதர்களின் கூலியைக் குறைத்ததும் அரசு செய்தவை. நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்தில், பசித்த மக்களின் கையால் வெட்டப்பட்டது. இன்று பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுப்பாகத் தெரியும் அந்த நீரோடைக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

1877-இல் பசிபிக்கில் இருந்தது மிக வலுவான எல் நினோ என்பது இப்போது தெரியும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் மழையை முன்கூட்டியே சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்ற தேடல் அந்தப் பஞ்சங்களால்தான் தீவிரமானது. 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறை முதலில் இமயமலையில் எவ்வளவு பனி பெய்தது என்பதைப் பார்த்து மழையைக் கணிக்க முயன்றது. அது எல்லா ஆண்டும் கைகொடுக்கவில்லை. 1899-இல் மறுபடியும் பெரும் பஞ்சம் வந்தது.

1904-இல் அந்தத் துறைக்குத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர். வானிலை படித்தவர் அல்லர், கணித அறிஞர். அவர் செய்த காரியம் நேரடியானது, ஆனால் அசாத்தியமான உழைப்பு வேண்டியது. உலகம் முழுவதிலிருந்தும் அழுத்தம், வெப்பநிலை, மழை என்று கிடைத்த பதிவுகளை எல்லாம் திரட்டி, எது எதனுடன் சேர்ந்து ஏறுகிறது, இறங்குகிறது என்று கணக்குப் போட வைத்தார். கணினி இல்லாத காலம். இந்திய எழுத்தர்கள் உட்கார்ந்து கையால் போட்ட கணக்குகள். அதிலிருந்து வெளிவந்த செய்தி: பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. இதற்கு அவர் தெற்கத்திய அலைவு என்று பெயர் வைத்தார். இன்றும் டஹிட்டித் தீவிலும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலும் உள்ள அழுத்த வேறுபாட்டை வைத்து இதை அளக்கிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை வாக்கரால் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் பலர் அவரை நம்பவும் இல்லை. 1969-இல்தான் யாக்கோப் பியர்க்னஸ் என்ற வானிலையாளர், வாக்கர் கண்ட அழுத்த மாற்றமும் பெரு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த கடல் சூடும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று விளக்கினார். காற்றுச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரைச் சூட்டியவரும் அவர்தான்.

இங்கே இரண்டு பருவம், இரண்டு விதி

எல் நினோ என்றாலே வறட்சி என்று செய்திகளில் வருகிறது. சென்னைக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணம், நம் மழைக்காலமே வேறு.

நாட்டின் பெரும்பகுதிக்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே பெரும்பாலான ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மலையின் மறைவில் இருக்கும் நமக்கு அப்போது மிச்சம்தான். மாலை நேரத்து இடிமழை என்று சென்னைக்கும் கிடைக்கும், ஆனால் ஏரிகள் நிறையாது. நம் மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்? சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 140 செ.மீ. மழையில் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. காற்றும் அப்போது திரும்பிவிடும். வங்காள விரிகுடாவைத் தாண்டி வடகிழக்கிலிருந்து வரும்.

இப்போது எல் நினோவை இந்த இரண்டு பருவங்களிலும் வைத்துப் பார்ப்போம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: நடுப் பசிபிக்கில் காற்று ஏறுகிறது. அதற்கு ஈடாக இறங்கும் காற்று இந்தோனேசியாவின் மேலும், அதன் நீட்சியாக இந்தியத் துணைக்கண்டத்தின் மேலும் அழுத்துகிறது. தென்மேற்குக் காற்று தளர்கிறது. மழை குறைகிறது. 2002-இல் 19 சதவீதம், 2009-இல் 22 சதவீதம் குறைந்தது இப்படித்தான். 2023 ஆகஸ்ட், 1901-இலிருந்து பதிவான ஆகஸ்டுகளிலேயே மிக வறண்டது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: இந்த நேரத்தில் மழைப்பட்டை வட இந்தியாவை விட்டு நகர்ந்து, தெற்கு வங்கக்கடலுக்கும் நிலநடுக்கோட்டுக்கும் அருகே இறங்கியிருக்கும். எல் நினோவால் காற்று கீழிறங்கும் பகுதி இப்போதும் இந்தோனேசியாவின் மேல்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மேற்கே, அதாவது இந்தியப் பெருங்கடலின் நடுவிலும் மேற்கிலும், காற்று ஏற இடம் கிடைக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும் ஈரக்காற்று வலுக்கிறது. அந்தக் காற்றின் வழியில் இருப்பவை தமிழகக் கடற்கரையும் இலங்கையும். அதே பட்டையில் இன்னும் மேற்கே போனால் கென்யாவும் சோமாலியாவும். எல் நினோ ஆண்டுகளின் இறுதியில் இந்த இடங்கள் எல்லாவற்றிலும் மழை கூடும் வாய்ப்பு அதிகம்.

லா நினாவில் இது தலைகீழ். இந்தோனேசியப் பக்கம் மேகம் திரண்டு, ஈரத்தை அந்தப் பக்கமே இழுத்துக்கொள்கிறது. வங்கக்கடலில் புயல்கள் உருவாகும், ஆனால் பல நேரம் அவை நம்மைத் தொடாமல் வடக்கே ஆந்திரா, ஒடிசா என்று போய்விடும். தென்மேற்குப் பருவத்துக்கு லா நினா நண்பன், நம் வடகிழக்குப் பருவத்துக்குப் பெரும்பாலும் அவ்வளவு நல்லதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சான்று 1918. அந்த ஆண்டும் எல் நினோ. தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்து கடும் வறட்சி. அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் 108 செ.மீ. மழை பெய்தது. 2015-இல் நவம்பர் மழையைப் பற்றி எழுதும்போது எல்லோரும் திரும்பிப் பார்த்த பழைய சாதனை அதுதான். ஒரு நூற்றாண்டு இடைவெளியில் அதே கடல், அதே ஊர், அதே வரிசை: முதலில் நாட்டில் வறட்சி, பிறகு சென்னையில் வெள்ளம்.

மறுபக்கத்துக்கு 2016. பசிபிக் குளிர்ந்து லா நினாப் பக்கம் சாய்ந்திருந்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. சுமார் 140 ஆண்டுகளில் அவ்வளவு மோசமான பருவம் இல்லை என்றார்கள். டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து சென்னையின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது, ஆனால் ஏரிகளை நிரப்பவில்லை.

பக்கத்துக் கடலையும் பார்க்க வேண்டும்

1997-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. நாடே வறண்டிருக்க வேண்டும். ஆனால் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 2 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. வானிலையாளர்களைக் குழப்பிய ஆண்டு அது. அந்தக் குழப்பத்திலிருந்துதான் இன்னொரு கண்டுபிடிப்பு வந்தது.

1999-இல் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஒன்றைக் காட்டினார்கள். பசிபிக்கில் நடப்பதுபோலவே இந்தியப் பெருங்கடலுக்கும் தனியாக ஓர் ஊசலாட்டம் உண்டு. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் பக்கம் கடல் சூடாகி, சுமத்ராப் பக்கம் குளிரும். இன்னும் சில ஆண்டுகளில் நேர்மாறு. இதற்கு இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று பெயர். மேற்குப் பக்கம் சூடாக இருந்தால் நேர்மறை இருமுனை, கிழக்குப் பக்கம் சூடாக இருந்தால் எதிர்மறை.

நேர்மறை இருமுனை நமக்கு இரண்டு பருவத்திலும் பெரும்பாலும் உதவும். மேற்கே சூடான கடலிலிருந்து கூடுதல் ஈரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் காற்றை அது வலுவாக்கும். 1997-இல் இருந்தது வலுவான நேர்மறை இருமுனை. எல் நினோவின் பாதகத்தை அது ஈடுகட்டியதாகக் கருதுகிறார்கள். 2019-இலும் மிக வலுவான நேர்மறை இருமுனை வந்தது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை 10 சதவீதம் கூடுதல். கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம். சுமத்ராவுக்கும் தெற்கே ஆஸ்திரேலியாவில் மழை அற்றுப்போய், காடுகள் மாதக்கணக்கில் எரிந்தன.

அதனால் எல் நினோ வருகிறதா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். கூடவே இருமுனை எந்தப் பக்கம் என்றும் கேட்க வேண்டும். 2015, 2023 ஆண்டுகளில் எல் நினோவும் நேர்மறை இருமுனையும் ஒன்றாக வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அடுத்த இரண்டே வாரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை.

ஆனால் இது சட்டம் இல்லை

இவ்வளவையும் படித்துவிட்டு, எல் நினோ என்றால் வெள்ளம், லா நினா என்றால் தண்ணீர் லாரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2021-ஐப் பாருங்கள். பசிபிக்கில் லா நினா. இந்தியப் பெருங்கடலில் எதிர்மறை இருமுனை. இரண்டுமே நமக்குப் பாதகம். விதியை மட்டும் நம்பியிருந்தால் வறண்ட பருவம் வந்திருக்க வேண்டும். வந்ததோ தமிழகத்தில் இயல்பைவிட 59 சதவீதம் கூடுதல் மழை. நவம்பரில் தியாகராய நகரின் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. டிசம்பர் 30 அன்று, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒரே மாலையில் சென்னை மறுபடி வெள்ளக்காடானது. 2018-இல் இதற்கு மறுதலை. எல் நினோ மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. ஆனால் பருவமழை 24 சதவீதம் குறைந்தது. அதன் விளைவைத்தான் 2019 ஜூனில் அனுபவித்தோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் காவிரித் தண்ணீர் வந்தது.

ஏன் இப்படி? சேப்பாக்கம் ஆடுகளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது சுழல்பந்துக்கு உதவும் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த ஓவரில், எந்தப் பந்தில் விக்கெட் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் வேகப்பந்து வீச்சாளரே ஐந்து பேரைச் சாய்த்துவிட்டுப் போவார். கடலின் வெப்பநிலை என்பது ஆடுகளம். மழை என்பது பந்து பந்தாக ஆடப்படும் ஆட்டம்.

அந்தப் பந்துகளைத் தீர்மானிப்பவை வேறு. நிலநடுக்கோட்டை ஒட்டி, 30 முதல் 60 நாளுக்கு ஒரு முறை உலகைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்கே நகரும் மேகக் கூட்டம் ஒன்று உண்டு. 1971-இல் மேடன், ஜூலியன் என்ற இருவர் கண்டுபிடித்ததால் மேடன்-ஜூலியன் அலைவு என்பார்கள். நவம்பரில் அது இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் வாரங்களில் வங்கக்கடலில் தாழ்வுப் பகுதிகள் அடுத்தடுத்துப் பிறக்கும். அது கடந்து பசிபிக்குக்குப் போய்விட்டால் நாள்கணக்கில் வெயில் அடிக்கும். அப்புறம், ஒரு தாழ்வு மண்டலம் கடலூருக்குப் போகிறதா, நெல்லூருக்குப் போகிறதா என்பது. 100 கிலோமீட்டர் வித்தியாசம் சென்னைக்கு வெள்ளத்துக்கும் வெறும் மேகமூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். வடகிழக்குப் பருவத்தில் மொத்த மழையின் பெரும்பங்கு இப்படிச் சில நாள்களில் கொட்டித் தீர்ப்பதால், இரண்டு தாழ்வு மண்டலங்கள் வழிதவறினாலே பருவத்தின் கணக்கு மாறிவிடும். தென்மேற்குப் பருவத்தைவிட நம் பருவத்தைக் கணிப்பது கடினம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

எல் நினோவால் சென்னைக்கு மழை கூடுமென்றால் நமக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

சென்னையின் குடிநீர் முழுக்கச் சென்னையில் பெய்யும் மழை அல்ல. வீராணம் ஏரியிலிருந்து வரும் தண்ணீர் காவிரியுடையது. அது குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவத்தில் பெய்து, மேட்டூரைத் தாண்டி, கீழணையில் திரும்பி வருகிறது. பூண்டிக்கு ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் தண்ணீர் கிருஷ்ணாவுடையது. அதன் பிறப்பிடம் மராட்டியம். அதாவது நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பகுதி, எல் நினோ அடித்துவிடக்கூடிய ஜூன்-செப்டம்பர் மழை. இன்னொரு பகுதி, எல் நினோ கூட்டிவிடக்கூடிய அக்டோபர்-டிசம்பர் மழை.

2023-இல் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஆகஸ்டில் மழை பொய்த்ததால் கர்நாடக அணைகள் நிரம்பவில்லை. காவிரி நீருக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்டாவில் குறுவைப் பயிர் கருகியது. மூன்று மாதம் கழித்து அதே மாநிலத்தின் வட கோடியும் தென் கோடியும் வெள்ளத்தில். தஞ்சாவூர் விவசாயிக்கும் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கும் ஒரே எல் நினோ இரண்டு வேறு மாதத்தில், இரண்டு வேறு உருவத்தில் வந்தது. எல் நினோ தமிழகத்துக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு, எந்த மாதம், எந்த ஊர் என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

இன்னொன்றும் இருக்கிறது. வந்த மழையைப் பிடித்துவைக்க இடம் வேண்டும். பழைய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 11.3 டி.எம்.சி. கண்ணன்கோட்டையையும் வீராணத்தையும் சேர்த்தாலும் 13.2 டி.எம்.சி. தான். ஒரு வலுவான எல் நினோ ஆண்டில் இதைவிடப் பல மடங்கு நீர் சில வாரத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. தண்ணீர் வழிந்தோடி நின்று வடியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாம் எவ்வளவு சுருக்கிவிட்டோம் என்பது தெரிந்ததே. அதற்குப் பசிபிக்கைக் குறை சொல்ல முடியாது.

சூடாகும் கடலில் பழைய விதிகள்

வாக்கர் காலத்தில் கண்ட தொடர்புகள் இன்றும் அப்படியே இருக்கின்றனவா? இல்லை. கடந்த சில பத்தாண்டுகளில் தென்மேற்குப் பருவத்துக்கும் எல் நினோவுக்கும் உள்ள பிணைப்பு முன்பைவிடத் தளர்ந்திருக்கிறது என்றும், வடகிழக்குப் பருவத்துடன் உள்ள பிணைப்பு 1970-களுக்குப் பிறகு வலுத்திருக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இது நிலையான மாற்றமா, வந்து போகும் ஏற்ற இறக்கமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

விவாதமே இல்லாத விஷயம் ஒன்று. இந்தியப் பெருங்கடல் சூடாகிக்கொண்டே போகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்க முடியும். எல் நினோவோ லா நினாவோ, மேகம் திரண்டுவிட்டால் அது கொட்டும் அளவு முன்பைவிடக் கூடுதல். பருவத்தின் மொத்த மழை மாறாமல் இருந்தாலும், அது குறைந்த நாளில், அதிக வேகத்தில் விழும்.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது

இந்திய வானிலை ஆய்வு மையம் ஏப்ரல் நடுவில் தென்மேற்குப் பருவத்துக்கான முதல் கணிப்பை வெளியிடும். மே இறுதியில் அதைத் திருத்திச் சொல்லும். வடகிழக்குப் பருவத்துக்கான கணிப்பு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் நாளிலோ வரும். நாம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் வரும் எல் நினோ செய்திகளைக் கொஞ்சம் எச்சரிக்கையுடன் படியுங்கள். அந்த மாதங்களில் பசிபிக் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தறுவாயில் இருக்கும். உலகின் சிறந்த கணினி மாதிரிகளே அப்போது அடிக்கடித் தவறுகின்றன. ஜூலை, ஆகஸ்டில் சொல்லப்படுவது அதைவிட நம்பகமானது.

அக்டோபர் கணிப்பில் வரும் தென் தீபகற்பம் என்ற சொல் தமிழகத்தை மட்டும் குறிப்பதில்லை. தமிழகத்துடன் கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, கர்நாடகத்தின் தெற்கு உள்பகுதி என ஐந்து பகுதிகளும் சேர்ந்தது அது. அந்தப் பரப்பில் இயல்பு மழை என்றால் நீண்ட காலச் சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை. இயல்பைவிடக் கூடுதலாகப் பெய்ய வாய்ப்பு அதிகம் என்று வந்தால், நிச்சயம் பெய்யும் என்று பொருள் இல்லை. குறைவதைவிடக் கூடுவதற்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவே. நகரவாசிகளுக்கு அதன் பயன், வீட்டு மழைநீர்ச் சேகரிப்புக் குழியைத் தூர்வாரவும், பள்ளமான பகுதியில் இருப்பவர்கள் முக்கிய ஆவணங்களை உயரத்தில் எடுத்துவைக்கவும் கிடைக்கும் சில வார அவகாசம்.

பருவம் தொடங்கியபின் அந்தக் கணிப்பின் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் பார்க்க வேண்டியவை வேறு: பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் மிதக்கவிட்டிருக்கும் மிதவைகள் அனுப்பும் காற்று, அலை, வெப்பநிலைத் தகவல்கள், அவற்றையும் சேர்த்து வரும் அடுத்த சில நாள்களுக்கான முன்னறிவிப்பு, கடைசி சில மணி நேரத்துக்குச் சென்னைத் துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ரேடாரின் படம். அந்தப் படம் வானிலை மையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது.